பாடலை ஏற்கும் நாம் பாடுபவரை ஏற்கிறோமா?



'சுராங்கனி' என்னும் பாடலைக் கேட்டிராத தமிழர் மிகச் சிலரே. திருமண வீட்டிலும், பள்ளி ஆண்டு விழாவிலும், சுற்றுலாப் பேருந்திலும் அது ஒலிக்காத இடமில்லை. இலங்கையைச் சேர்ந்த பாடகர் ஏ. ஈ. மனோகரன் 1970களில் அதைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தார். அந்தப் பாடலின் துள்ளல் இசைக்குப் 'பைலா' என்று பெயர். பைலாவின் வேர்களில் ஒன்று, போர்த்துக்கீசியர் காலம் முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் ஆட்டமும் பாட்டும் ஆகும். பைலாவுக்கு முன்னோடியாக இருந்த இசைக்குக் 'கஃப்ரிஞ்ஞா' என்று பெயர். காப்பிரியர் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களின் பெயரே அதற்குள் அடங்கியிருக்கிறது.

பாடல் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தாளம் நம் கால்களுக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளத்தைத் தந்த மக்கள் எங்கே இருக்கிறார்கள்? எப்படி வாழ்கிறார்கள்? அவர்களுள் பலர் நம்மைப் போலவே ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கர்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கலையை ஏற்பது எளிது. கலைஞரை ஏற்பது கடினம். புலம்பெயர்ந்து வந்த மக்களின் கலையை ஆதரிப்பது என்றால் என்ன, ஒரு பங்குச் சமூகம் அதில் என்ன செய்ய முடியும் என்பதை, இலங்கையிலும் நமது நாட்டிலும் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் வரலாற்றைக் கொண்டு இங்கே சிந்திப்போம்.

புத்தளத்தின் 'மஞ்ஞா' பாடல்கள்

இலங்கையின் வடமேற்கில் புத்தளம் நகருக்கு அருகில் சிரம்பியடி என்னும் சிற்றூர் உள்ளது. சிலாபம் மறைமாவட்டப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான ஒரு சிறு சமூகத்தினர் வாழ்கிறார்கள். இவர்களைக் காப்பிரியர் என்பர். தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல் கொடிய வசைச்சொல்லாகக் கருதப்படுகிறது. இலங்கையிலோ இம்மக்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட சமூகப் பெயராக அது வழங்கி வருகிறது.

போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவருமே ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் தங்களது படைப்பிரிவுகளில் ஆப்பிரிக்கர்களைச் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, அதில் பணியாற்றிய பலர் புத்தளம் பகுதியிலேயே தங்கிவிட்டனர். சிரம்பியடி மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள்.

இம்மக்கள் முன்பு பேசியது போர்த்துக்கீசிய மொழியின் கலப்பு வடிவம். இன்று அன்றாடம் பேசுவது சிங்களம். பழைய மொழி பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அது ஓரிடத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதுதான் 'மஞ்ஞா' எனப்படும் அவர்களது பாடல். தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டி, கண்ணாடிப் புட்டியில் கரண்டியால் தாளமிட்டு, மேளம் முழக்கி, மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து ஆடிப் பாடுகிறார்கள். பாடலின் சொற்களுக்கு முழுப் பொருள் இளையோருக்குத் தெரிவதில்லை. ஆனாலும் சொற்கள் உதட்டில் நிற்கின்றன.

மொழி மறைந்த பின்னும் பாடல் ஏன் நிலைத்தது? பாடுவதற்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. திருமணம், திருவிழா, குடும்பக் கொண்டாட்டம் என்று மக்கள் கூடும் இடத்தில் பாடலுக்கு வேலை இருந்தது. சந்தையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அந்த மொழிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை உள்ளது வாழ்ந்தது, வேலை இழந்தது மறைந்தது. கலையை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்ற முடியாது. அதற்கு வாழும் இடம் வேண்டும். இதை முதலாவது பாடமாக மனத்தில் இருத்துவோம்.

நமது நாட்டின் சித்தி மக்கள்

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் இந்தியாவிலும் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். இவர்களைச் சித்திகள் என்று அழைப்பர். குஜராத், கர்நாடகம், தெலங்கானா முதலிய மாநிலங்களில் இவர்கள் இருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் அகமதுநகர் அரசையே வழிநடத்திய மாலிக் அம்பர் (இறப்பு 1626) இவ்வழியில் வந்தவரே. அகமதாபாத்தில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சித்தி சையது பள்ளிவாசலின் கல் பலகணியில், மரமும் கிளைகளும் பின்னிக் கிடப்பது போன்ற நுண்வேலைப்பாடு உலகப் புகழ் பெற்றது. அதைக் கட்டுவித்தவரும் ஆப்பிரிக்க வழியினரே. குஜராத்தின் சித்திகள் பாவா கோர் என்ற தங்களது புனிதரின் அடக்கத் தலத்தில் மேளம் முழக்கி ஆடும் 'கோமா' ஆட்டம் இன்று வெளிநாட்டு மேடைகளிலும் நிகழ்த்தப்படுகிறது. அம்மாநிலத்தின் சித்திச் சமூகத்தைச் சேர்ந்த ஹீராபாய் லோபி என்ற பெண்மணிக்கு, அவரது சமூகப் பணிக்காக 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நமக்கு இன்னும் நெருங்கியவர்கள் கர்நாடகத்தின் சித்திகள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியால், முண்ட்கோடு, அங்கோலா ஆகிய வட்டங்களின் காட்டோரச் சிற்றூர்களில் இவர்கள் வாழ்கிறார்கள். இவர்களில் இந்துக்களும் உண்டு, இஸ்லாமியரும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. கத்தோலிக்கச் சித்திகள் வீட்டில் கொங்கணி மொழி பேசுகிறார்கள். அந்த மொழியே அவர்களது வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. மொசாம்பிக் முதலிய இடங்களிலிருந்து போர்த்துக்கீசியக் கப்பல்களில் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களும் விடுவிக்கப்பட்டவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறினார்கள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. கோவாவில் அவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்த வீடுகளில் பல, கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகள். அவர்களுக்குத் திருமுழுக்கும் கொடுக்கப்பட்டது, விலங்கும் பூட்டப்பட்டது. ஆண்டவரின் பெயரைச் சொல்லிக் கொடுத்த அதே வாய்தான் விலையும் பேசியது. அப்படியிருந்தும் அவர்கள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. அடிமையாக விற்கப்பட்டுப் பின்னர் புனிதையான சூடான் நாட்டுப் புனித ஜோஸ்பின் பக்கீத்தாவைத் திருச்சபை 2000ஆம் ஆண்டு பீடத்திற்கு உயர்த்தியபோது, இப்படிப்பட்ட கோடிக்கணக்கானோரின் கண்ணீரையும் சேர்த்தே உயர்த்தியது என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

மேளமும் மேடையும் கவந்தியும்

கர்நாடகச் சித்திகளின் உயிர் மூச்சு 'தமாம்' என்னும் மேளம். மரத்தைக் குடைந்து தோல் கட்டிய இந்த மேளத்தைச் சுற்றி ஊரே கூடும். ஆண்களும் பெண்களும் பாடுவார்கள், ஆடுவார்கள். பகலெல்லாம் பிறருடைய வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள், இரவில் மேளத்தின் முன் தங்களுக்கென்று ஒரு நேரத்தை உண்டாக்கிக் கொண்டார்கள். ஆனால் வெளியுலகம் அவர்களைப் பார்த்த பார்வை வேறு. சுருண்ட முடியையும் கருநிறத்தையும் பார்த்து, "எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்?" என்று சொந்த நாட்டிலேயே அவர்கள் கேட்கப்படுகிறார்கள். இகழப்படும் மக்களின் கலையும் இகழப்படும் என்பது எங்கும் காணும் வழக்கம்தானே.

இந்த நிலையை மாற்ற எடுக்கப்பட்ட முயற்சிகளில் இரண்டு நமக்கு நல்ல எடுத்துக்காட்டு.

முதலாவது, நாடகம். கர்நாடகத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் 1949இல் தொடங்கப்பட்ட 'நீநாசம்' என்ற நாடக அமைப்பு, நாட்டின் மதிப்புமிக்க கலை நிறுவனங்களில் ஒன்று. 1980களில் அதைச் சேர்ந்த இயக்குநர் சிதம்பரராவ் ஜம்பே, மஞ்சிகேரி பகுதிச் சித்தி மக்களோடு தங்கிப் பழகி, அவர்களையே நடிகர்களாகக் கொண்டு ஒரு நாடகத்தை உருவாக்கினார். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் புகழ்பெற்ற நாவலின் கன்னட நாடக வடிவம் அது. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்று அந்நியர் வருகையால் சிதையும் கதையை, ஆப்பிரிக்காவை விட்டுப் பல தலைமுறைகள் ஆன மக்கள் கன்னடத்தில் நடித்தார்கள். அவர்களுக்கு வசனம் மட்டும் கிடைக்கவில்லை. தங்களைப் பற்றிய நினைவும் கிடைத்தது. பின்னாளில் அதே சமூகத்திலிருந்து பிரசாந்த் சித்தி, கிரிஜா சித்தி போன்றோர் நீநாசத்தில் முறையாகப் பயின்று மேடையிலும் திரையிலும் பெயர் பெற்றார்கள்.

இரண்டாவது, தையல். சித்திப் பெண்கள் பழைய சேலைத் துண்டுகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கி நடுப்பகுதி நோக்கி வருவார்கள். மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து வைப்பார்கள். அதைப் பூ என்பார்கள். பூ இல்லாத கவந்தி நிறைவு பெறாது என்பது அவர்கள் எண்ணம். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவை வடிவத்தையும் சேர்த்துத் தைக்கிறார்கள். வீட்டுக் குழந்தைகளுக்காகத் தைக்கப்பட்ட இப்போர்வைகளை விற்பனைக்கும் கொண்டுவர, அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவலின் ஊக்கத்தால் 2004இல் சித்திப் பெண்களின் தையல் கூட்டுறவு அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பின்னர் அவர்களது கவந்திகள் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கலைக்குப் பாராட்டோடு கூலியும் வந்து சேர்ந்தது.

நின்றுபோன முயற்சியும் உண்டு. 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்துத் தடகளப் பயிற்சி அளித்தது. சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். ஏணியில் பாதி ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொள்வது உதவி ஆகாது. 2003இல் உத்தர கன்னட மாவட்டச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகே கல்வியிலும் வேலையிலும் அவர்களுக்குச் சட்டப்படியான பிடிமானம் கிடைத்தது.

இவற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? ஒரு கலை வாழ நான்கு காரியங்கள் தேவை: அது நிகழ ஒரு சந்தர்ப்பம், கலைஞருக்கு உரிய கூலி, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க வழி, தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் உரிமை. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கலாம். அது இடையில் கைவிடாத உறுதி.

இறைவார்த்தை என்ன சொல்கிறது?

திருப்பாடல் 137ஐ நாம் நன்கு அறிவோம். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த இஸ்ரயேல் மக்கள் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதார்கள். தங்களது யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டார்கள். ஏன்? பாட ஆசை இல்லாததால் அல்ல. அவர்களைச் சிறைப்படுத்தியவர்கள் கேளிக்கைக்காக அவர்களைப் பாடச் சொன்னார்கள். இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாபிலோனியரும் அந்நியரின் பாடலை விரும்பிக் கேட்டவர்களே! பாடச் சொல்வதாலேயே ஒருவர் கலைஞரை ஆதரிப்பவர் ஆகிவிடமாட்டார். விடுதலையைத் தராமல் பாட்டை மட்டும் கேட்பவர், பாபிலோன் ஆற்றங்கரையில் நிற்பவர்.

இதற்கு மாறான காட்சி ஒன்று புதிய ஏற்பாட்டில் உள்ளது. அந்தியோக்கியா திருச்சபையின் இறைவாக்கினர், போதகர் பட்டியலில் நீகர் எனப்படும் சிமியோனும், சிரேன் ஊரைச் சேர்ந்த லூக்கியுவும் இடம்பெறுகிறார்கள் (திப 13:1). நீகர் என்றால் கருப்பர் என்று பொருள். சிரேன் ஆப்பிரிக்காவில் உள்ள நகரம். இவர்கள் அந்தத் திருச்சபையில் விருந்தாளிகளாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, கற்பித்தார்கள், வழிநடத்தினார்கள். பவுலையும் பர்னபாவையும் கைகளை வைத்து அனுப்பிய குழுவில் இருந்தார்கள். ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த சீமோனும் சிரேன் ஊரைச் சேர்ந்தவரே (மாற் 15:21).

அந்நியரை உங்கள் நாட்டில் பிறந்தவரைப் போலவே நடத்த வேண்டும் என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது (லேவி 19:34). காரணத்தையும் அதுவே சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள். மலேசியாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கூலிகளாகவும், இன்று வளைகுடா நாடுகளுக்கு வேலைக்காகவும் சென்ற தமிழினத்திற்கு இந்தக் காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஒவ்வொரு மக்களினத்தின் இசை மரபுக்கும் உரிய மதிப்பும் தகுந்த இடமும் தரப்பட வேண்டும் என்று கற்பிக்கிறது (எண் 119). அதற்கு முன்பே 1958இல் காங்கோ நாட்டின் கமினா என்ற ஊரில், உள்ளூர்ப் பாடகர்களோடு ஒரு பிரான்சிஸ்கன் குரு உருவாக்கிய 'மிசா லூபா' என்ற திருப்பலி இசை உலகமெங்கும் கேட்கப்பட்டது. 1988இல் காங்கோ மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற திருப்பலி முறைக்கு உரோமை முறைப்படி ஒப்புதல் அளித்தது. மேளமும் ஆட்டமும் ஆலயத்திற்கு ஆகாது என்ற எண்ணத்திற்குத் தாய்த் திருச்சபை எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

நமது மண்ணின் அனுபவம்

அந்நிய நாட்டிலிருந்து வந்த கலைஞர் ஒருவரை ஆதரித்த பெருமை நமது பகுதிக்கும் உண்டு. இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆனார். இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் தங்கி அருந்தமிழ்த் தொண்டாற்றினார். தேம்பாவணி என்ற பெருங்காப்பியத்தைத் தந்தார். அவருக்குத் தமிழ் கற்பிக்க இங்கே ஆசிரியர் கிடைத்தார். ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கு அரியலூர்ப் பாளையக்காரர் நிலம் வழங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆசான், தங்குமிடம், கேட்பதற்கு மக்கள் ஆகிய மூன்றும் கிடைத்ததால் ஓர் அந்நியர் நமக்கு உரியவரானார். நமது முன்னோர் செய்தது மிக நல்ல செயல்.

அப்படியானால் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வந்தவர் வெள்ளை நிறத்தவராக இல்லாமல் கருநிறத்தவராக இருந்தால் அதே வரவேற்பு கிடைக்குமா? 2016இல் பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். அதே ஆண்டு தில்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டின் கல்லூரிகளிலும் ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. அவர்கள் ஆலயத்தில் வந்து அமரும் இருக்கையில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பங்கும் கவனித்துப் பார்க்கட்டும்.

வெகுதூரம் போக வேண்டாம். எறையூரைச் சுற்றிப் பார்ப்போம். இங்கே நெடுங்காலமாகச் சர்க்கரை ஆலை இயங்கி வருகிறது. 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவும் தொடங்கி வைக்கப்பட்டது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள். ஆலைகள் வரும் இடங்களுக்கு வெளிமாநிலத் தொழிலாளர்களும் வருகிறார்கள். ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து தமிழகம் வருவோரில் ஓராவோன், முண்டா, காரியா பழங்குடிக் கத்தோலிக்கர் பலர் உண்டு. 'மாந்தர்' என்னும் மேளத்தை முழக்கி, கைகோத்து வரிசையாக ஆடிக் காணிக்கைப் பவனி செல்வது அவர்களது ஊர் வழக்கம். இங்கே அவர்கள் கடைசி இருக்கையில் அமைதியாக நிற்கிறார்கள். அவர்களது யாழும் ஏதோ ஒரு மரத்தில் தொங்குகிறது.

எறையூரிலேயே குடியிருக்கும் நரிக்குறவர் மக்களையும் நினைத்துப் பார்ப்போம். தங்களுக்குள் அவர்கள் பேசும் வாக்ரிபோலி மொழி, குஜராத்தி மொழிக்கு உறவானது. எங்கோ வடக்கே தொடங்கிய நீண்ட பயணத்தின் சுவடு அது. மணி கோப்பதில் அவர்களது கைவண்ணம் பெரிது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர் புனிதர் வரலாறுகளை இரவெல்லாம் ஆடிப் பாடும் நாட்டுக்கூத்தும் வாசாப்பும் ஈழத்தின் அரிய செல்வங்கள். கடல் கடந்து வந்த நம் சகோதரர்களோடு அவையும் வந்தனவா, முகாமின் சிறிய அறைகளில் அவற்றுக்கு இடம் கிடைத்ததா என்று நாம் விசாரித்ததுண்டா?

இகழப்பட்ட மேளம் மதிக்கப்பட முடியும் என்பதற்கு நமது தமிழகமே சான்று. சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையை, திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் கையில் எடுத்தார்கள். தலித் குடும்பங்களைச் சேர்ந்த அப்பெண்கள் பறையை விடுதலையின் ஓசையாக முழக்கி, வெளிநாடுகள் வரை சென்றார்கள். மேளம் மாறவில்லை. அதைப் பிடித்தவர்களின் தலை நிமிர்ந்தது.

நமது பங்கில் என்ன செய்யலாம்?

இவை பெரிய நிறுவனங்கள் மட்டுமே செய்யக்கூடியவை என்று எண்ண வேண்டாம். ஒரு பங்கிடம் மண்டபம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, பாடகர் குழு இருக்கிறது, திருவிழா இருக்கிறது, மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. கலை வாழத் தேவையானவை ஏறக்குறைய அனைத்தும் நம் கையில் உள்ளன.

1. முதலில் பெயரைக் கேட்போம். 'வடக்கத்திப் பையன்' என்பது யாருடைய பெயரும் அல்ல. நமது அன்பியப் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் வெளிமாநிலத்தவர் யார், எந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர், என்ன பாடுவார், என்ன வாசிப்பார் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் அறிந்து வைக்கலாம்.

2. பயிற்சிக்கு இடம் கொடுப்போம். ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்ட் மாறும். எட்டுப் பேர் தங்கும் அறையில் மேளம் அடிக்க முடியாது. வாரத்தில் ஒரு மாலை பங்கு மண்டபத்தின் சாவியைத் தருவது நமக்குச் சிறிய காரியம்; அவர்களுக்குப் பெரிய காரியம்.

3. திருவிழாவில் இடம் கொடுப்போம். நள்ளிரவுக்குப் பிறகு, கூட்டம் கலைந்த பின் பத்து நிமிடம் அல்ல; நவநாள்களில் ஒரு நாளை முறையாக ஒதுக்குவோம். எதைப் பாடுவது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். பாடலின் பொருளை ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். திருப்பலிக்குள் பாடுவதென்றால் பாடல்களை முன்னதாகவே பங்குத்தந்தையோடும் பாடகர் குழுவோடும் பேசி ஒழுங்கு செய்யலாம்.

4. கூலியைக் கொடுப்போம். பேண்டு வாத்தியத்திற்கும் வாணவேடிக்கைக்கும் மின் அலங்காரத்திற்கும் திருவிழாக் கணக்கில் தொகை எழுதும் நாம், 'இவர்கள் நம்ம பிள்ளைகள்தானே, இலவசமாக ஆடுவார்கள்' என்று சொல்வது நீதியல்ல. ஒரு நாள் ஆட வருபவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வருகிறார். பேசிய தொகையை மேடையில் பொன்னாடையோடு நிறுத்திவிடாமல், அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். உணவும் அதே பந்தியில் அமையட்டும்.

5. பிள்ளைகள் கற்கட்டும். நமது மறைக்கல்விச் சிறார் ஒரு சாத்ரி மொழிப் பாடலைக் கற்றுக்கொள்ளலாம். அவர்களது பிள்ளைகள் நமது தமிழ்ப் பாடலைக் கற்கட்டும். கொடுப்பதும் வாங்குவதும் இருபுறமும் நடக்கும்போதுதான் அது உறவு.

6. கைவினைக்கு வழி செய்வோம். திருவிழாக் கடைகளில் நரிக்குறவர் மக்களின் மணி வேலைக்கு வாடகையின்றி ஓர் இடம் ஒதுக்கலாம். செபமாலை கோக்கும் பணியை அவர்களிடமே கொடுத்து நியாயமான விலை தரலாம்.

7. தொடர்ந்து செய்வோம். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறை உலகப் புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாளாகத் திருச்சபை கொண்டாடுகிறது. அந்த ஞாயிறை ஆரம்பமாகக் கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு ஞாயிறோடு முடித்துவிடக் கூடாது.

சில தயக்கங்கள்

"நமது பிள்ளைகளுக்கே மேடை போதவில்லை, இதில் வெளியாருக்கு எங்கே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மேடை என்பது அப்பத்தைப் போல் பங்கிட்டால் குறைவதல்ல. புதிய தாளத்தைக் கேட்ட பாடகர் குழு தன் பாட்டையும் புதிதாகக் கேட்கத் தொடங்கும். பைலா வந்ததால் இலங்கையின் இசை ஏழையாகிவிடவில்லை, செழித்தது.

"அவர்கள் சில மாதங்களில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்" என்பது இன்னொரு தயக்கம். போகட்டும். இங்கே பாட இடம் கிடைத்தவர், அடுத்த ஊரிலும் ஆலயத்தைத் தேடிச் செல்வார். இங்கே ஓரத்தில் நின்றவர், அடுத்த ஊரில் ஆலயத்தையே தேடமாட்டார். நாம் இழப்பது ஒரு பாடலை மட்டும் அல்ல என்பதை இங்கே உணர வேண்டும்.

"வேடிக்கையாகிவிடுமே" என்ற அச்சமும் உண்டு. இது கவனத்தில் கொள்ள வேண்டியது. கருநிறத்தையும் விசித்திர உடையையும் காட்டிக் கைத்தட்டல் வாங்குவது கலை ஆதரவு அல்ல; அது பாபிலோனின் வழி. கைபேசியில் படம் பிடித்து அவர்களைக் கேலிப்பொருளாகப் பரப்புவதை நாம் அனுமதிக்கக் கூடாது. அறிமுகம் செய்பவர் அவர்களது நிறத்தைப் பற்றிப் பேசாமல் அவர்களது பாடலைப் பற்றிப் பேசட்டும்.

அன்பார்ந்தவர்களே, சிரம்பியடியில் ஒரு மொழி மறைந்து பாடல் மட்டும் எஞ்சியது. அந்தப் பாடலுக்கும் பொருள் தெரியாத நாள் வந்துகொண்டிருக்கிறது. மஞ்சிகேரியிலோ, சிலர் போய்த் தங்கி, கேட்டு, கற்றுக்கொடுத்து, கற்றுக்கொண்டதால் ஒரு சமூகம் தன் குரலை மீண்டும் கண்டெடுத்தது. இவ்விரண்டில் எது நமது பங்குகளில் நடக்கப் போகிறது என்பது, வரும் ஞாயிறு நாம் பின்வரிசையில் நிற்பவரின் அருகே சென்று பெயரைக் கேட்பதில் தொடங்கும். அடுத்த திருவிழாவின் வரவு செலவுக் கணக்கைப் பங்குப் பேரவை எழுதும்போது அதற்கென ஒரு வரியைச் சேர்ப்பதில் அது உறுதியாகும்.

எல்லா இனத்தையும் மொழியையும் சேர்ந்தோர் ஒரே அரியணை முன் நின்று பாடும் காட்சியை யோவான் கண்டார் (திவெ 7:9). அந்தப் பாடலுக்கு நமது ஆலயத்தில் ஒத்திகை தொடங்கட்டும். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.